செவ்வரத்தை வெள்ளையான வெள்ளிக்கிழமை

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்த காலத்தில், ஐயாவுக்கும் பிள்ளையாருக்கும் இடையிலான தபால் வேலை முழுவதையும் நான்தான் பார்த்து வந்தேன். ஐயா என்றால் என் தகப்பனார். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர். குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். ஆனால் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் அங்குள்ள அதிகாரிகளிடம் எப்படிப் பழகுவாரோ அப்படித்தான் கடவுளிடமும் பழகினார். வாய்ச்சொல் போதாது, எதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்தை வாங்கும் முறைக்குப் பூக் கட்டிப் பார்ப்பது என்று பெயர். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியே பூவரசம் இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, பாலை மரத்தடிக் கோயிலில் பிள்ளையாரின் காலடியில் வைக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை கும்பிட்டுவிட்டு இரண்டில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற கை என்னுடையது. கட்டுகிற கை எப்போதும் ஐயாவுடையது. வேறு யாரும் கட்டினால் கள்ளம் நடந்துவிடும் என்று அவர் ஒருவரையும் விடமாட்டார்.

சைக்கிளுக்குப் புது டயர் போடுவதா, மல்லாவியில் பார்த்துவிட்டு வந்த பசுவை வாங்குவதா, கிணற்றை இன்னும் இரண்டு முழம் தோண்டுவதா என்று எல்லாவற்றுக்கும் பூக் கட்டினார். அம்மாவுக்கு இதில் பெரிய மதிப்பில்லை.

“என்னைக் கட்டுறதுக்கும் பூக் கட்டித்தான் பாத்தவர். சிவப்பு வந்திருந்தால் நான் தப்பியிருப்பன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வா.

ஐயாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். அங்கே பயிர் வாடினால் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்துவிடலாம். தர்மபுரத்துக்குப் பக்கத்தில் காடு வெட்டிய காணி கிடைத்து இங்கே வந்த பிறகுதான் அவருக்கு வானம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வட்டக்கச்சிப் பக்கத்து ஆட்களுக்குக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும். எங்கள் மேட்டுக் காணிக்கு எந்த வாய்க்காலும் ஏறாது. வானம் பார்த்த பூமி.

அப்படிப்பட்ட காணியில் புழுதி விதைப்புத்தான். மழைக்கு முன்பே, ஒரு சொட்டு ஈரமும் இல்லாத புழுதியில் நெல்லை எறிந்து, மண்ணால் மூடிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தி விதைத்தால் குருவியும் எறும்பும் தின்னும். ஒரு சின்ன மழை ஏமாற்றிவிட்டுப் போனால் முளைத்தது கருகும். பிந்தினாலோ, பெருமழை விழுந்து வயல் சேறாகி, விதைக்கவே முடியாமல் போகும். அந்த வருடம் எங்களிடம் மூன்று மூட்டை விதைநெல் இருந்தது. முதல் வருட வெள்ளாமை பொய்த்ததால், அந்த மூன்றும் போனால் நாலாவது மூட்டை கிடையாது. அம்மா பசி வந்த நாளில்கூட அந்த மூட்டைகளின் பக்கம் எங்களைப் போக விடவில்லை.

ஐயா விதைப்புக்கு உத்தரவு கேட்டார். முதல் வெள்ளிக்கிழமை சிவப்பு வந்தது. சரி, பொறுக்கச் சொல்கிறார் என்று பொறுத்தார். அடுத்த வெள்ளியும் சிவப்பு. அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக விதைத்து முடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வெள்ளியும் சிவப்பு வந்தபோது ஐயாவின் முகம் அந்தப் பூவைவிடச் சிவந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வழக்கமாக ஐயா கோயிலடி அலரியில்தான் இரண்டு நிறத்தையும் பறிப்பார், இரண்டும் ஒரே அளவு. அந்த வருட வெயிலுக்கு அலரி காய்ந்துபோனதால், சிவப்புக்கு எங்கள் கிணற்றடிச் செவ்வரத்தை என்கிற செம்பருத்தியும் வெள்ளைக்கு வேலியோரத்து நித்தியகல்யாணியும் வந்தன. செவ்வரத்தை மடித்த பொட்டலம் கொழுக்கட்டை மாதிரிப் பொம்மியிருக்கும். மற்றது ஒட்டிப்போய்க் கிடக்கும். இரண்டு கொழுக்கட்டையைக் காட்டி ஒன்றை எடு என்றால் எந்தப் பிள்ளைதான் சின்னதை எடுக்கும்? மூன்று கிழமையாகப் பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. என் ஆசைதான் பெரிதை எடுத்திருக்கிறது.

இதை வெளியே சொல்ல எனக்குத் துணிவில்லை. சொன்னால் அடி விழுமோ என்பதைவிட, உத்தியோகம் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். அதற்குள் எங்களோடு இருந்து வயல் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, வாயைத் திறந்தார்.

“அத்தான், பிள்ளையாரில பிழை இல்லை. இவளின்ர கையைத்தான் மாத்த வேணும். ராசி இல்லாத கை.”

மாமா எதையும் பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. கிணற்றடிக்குப் போய் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அழுதேன். ஐயா கால் கழுவ வந்தவர் கண்டுவிட்டார். என் வலக்கையைப் பிடித்து, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார்.

“கையில என்ன பிழை? நல்ல கைதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் காணிக்கு அடுத்த காணி தோட்டத்து அக்காவுடையது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புருசனோடும் பிள்ளைகளோடும் இரண்டு பெட்டியுடன் வந்து சேர்ந்தவ. கொழுந்து பறித்த கைதான், நெல்லைத் தொட்டுச் சில வருடங்கள்தான். நான் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன ஒரு காலையில் அவ தன் காணியில் விதைத்து முடித்துவிட்டு, வரம்பில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தா. ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னத்தைப் பாத்து விதைச்சனீங்கள்? வானத்தில ஒரு கறுப்பும் இல்லையே.”

“என்னத்தப் பாக்குறது அண்ணே? நெல்ல வீட்ல வச்சா எலி திங்கும். மண்ணுல போட்டா சாமி பாத்துக்கும்.”

“மழை வராட்டி?”

“வராட்டி உக்காந்து அழுதுட்டு, மறுபடி எங்கயாச்சும் வெத தேடணும். நாங்க பாக்காததா?” என்று சொல்லிவிட்டு அவ சிரித்தா.

ஐயா தேத்தண்ணியை ஆறவிட்டே குடித்தார். அன்று பின்னேரம் அவர் விதை மூட்டையின் அடியில் எலி கடித்திருந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நாலாம் வெள்ளி வந்தது. நான் எழும்பி வந்தபோது வேலிப் படலையடியில் வண்டில் நின்றது. மூன்று மூட்டையும் அதில் ஏறியிருந்தன. மாமா மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை. என் தலைக்குள் வேறு திட்டம் ஓடியது. இந்த முறை ஒட்டிக் கிடக்கும் பொட்டலத்தை எடுத்து, பிள்ளையாருக்கு ஒரு சின்ன உதவி செய்து, என் கையின் மானத்தையும் காப்பாற்றிவிடுவது. கள்ளம்தான். ஆனால் நல்ல காரியத்துக்கான கள்ளம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பாலை மரத்தடியில் பிள்ளையாருக்கு முன்னால் ஐயா பொட்டலங்களை வைத்தார். பார்த்தேன். இரண்டும் ஒட்டிப்போய்க் கிடந்தன. பொம்மியது ஒன்றும் இல்லை.

என் கள்ளத்தைப் பிள்ளையார் அறிந்துவிட்டார், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். அதுவரை எத்தனையோ தடவை கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் உண்மையாகக் கும்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் கும்பிட்டேன். ‘பிள்ளையாரே, எனக்கு ஒண்டும் தெரியாது. நீயே பாத்துக்கொள்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமல் கைக்குப் பட்டதை எடுத்தேன்.

வெள்ளை.

“பாத்தியோ! ஆர் சொன்னது ராசியில்லாத கை எண்டு?” ஐயா சொன்ன விதத்தில் வண்டிலடியில் நின்ற மாமாவுக்கு மட்டுமில்லை, பக்கத்துக் காட்டுக்கும் கேட்டிருக்கும். மற்றப் பொட்டலத்தை வழக்கமாகக் கோயில் பின்னால் எறிந்துவிடுவார். அன்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வயலில் ஐயா கடகத்தை இடுப்பில் வைத்து நெல்லை வீசிக்கொண்டு போக, மாமா பின்னால் மாட்டைக் கொண்டு மண்ணை மூடிக்கொண்டு வந்தார். எனக்குக் குருவி கலைக்கும் வேலை. ஐயா குனிந்த ஒரு இடத்தில் பொட்டலம் புழுதியில் விழுந்து கிடந்தது. செவ்வரத்தை எப்படி இவ்வளவு மெலிந்தது என்று பார்க்கும் ஆசையில் நாரை அவிழ்த்தேன்.

உள்ளே வெள்ளை நித்தியகல்யாணி.

சிவப்புப் பூவை எடுத்துவிடுவேனோ என்று நான் பயந்ததைக் கண்டு, பிள்ளையார் சிவப்பையே வெள்ளையாக்கிவிட்டார்! இதைவிட வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்? பின்னேரம் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் பூவை உள்ளங்கையில் வைத்து அற்புதத்தை அறிவித்தேன். மாமா குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. அம்மா, கறி அடிப்பிடிக்குது என்று குசினிக்குள் ஓடினா. அடுப்பில் அப்போது கறிச்சட்டியே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

“ஓம் பிள்ளை. அவர் நினைச்சால் என்னதான் செய்யமாட்டார்” என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தப் பூவுக்குப் பெரிய மதிப்பு. அரை விளாம்பழம் தந்தவர்களுக்குத் தொட்டுப் பார்க்கவும் அனுமதி கொடுத்தேன். ஆனால் மழை வரவில்லை. ஒரு கிழமை கழிந்ததும் விளாம்பழம் தந்தவர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு நித்திரை போய்விட்டது. மழை எப்போது வரும் என்று இன்னொருக்காப் பூக் கட்டிக் கேட்போம் என்று ஐயாவை அரித்தெடுத்தேன்.

“சும்மா சும்மா அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது” என்றார் ஐயா. அவரா இதைச் சொல்கிறார் என்று அம்மாவே திரும்பிப் பார்த்தா.

பயமில்லாமலும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வயலில் குந்தி, விரலால் மண்ணைக் கிளறி ஒரு நெல்லை எடுத்துப் பார்ப்பார். பிறகு அதை அதே குழியில் வைத்து, பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல மண்ணை மூடிவிட்டு எழுந்து வருவார். மூட்டைகள் இருந்த இடம் வீட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி நடந்துகொண்டோம்.

பதினோராம் நாள், கணக்குப் பாடத்தின் நடுவில் கூரையில் தடதடவென்று விழுந்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வயலுக்கே ஓடினேன். வரம்பின் இந்தப் பக்கம் ஐயா, அந்தப் பக்கம் தோட்டத்து அக்கா. இரண்டு பேரும் நனைந்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருடம் நன்றாக விளைந்தது. அடுத்த வருடம் மழை ஏமாற்றி, முளைத்ததில் பாதி கருகியது. அதற்கு அடுத்த வருடமும் ஐயா புழுதியில் விதைத்தார். ஆனால் பிறகு ஒருநாளும் அவர் பூக் கட்டவில்லை. என் கள்ள எண்ணத்தைப் பிள்ளையார் அவரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டார், அதனால்தான் என் உத்தியோகம் போனது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

இந்த அற்புதத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகச் சொன்னது என் மகளுக்கு. ஐயா போய்ச் சேர்ந்து சில வருடங்களாகியிருந்தன. அவளுக்கும் அப்போது ஒன்பது வயது. வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா, பொட்டலம் கட்டினது ஆர்?”

“அம்மப்பாதான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அன்றைக்கு ஐயா பிள்ளையாரிடம் எதையும் கேட்கவில்லை. நான் பொட்டலத்தைத் தொட முன்பே விதை வண்டிலில் ஏறியிருந்தது. கிணற்றடியில் அழுத பிள்ளை தன் கையை இனிமேல் தேய்த்துக் கழுவக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு வெள்ளைப் பூ.