எனக்கு நடக்காத சடங்கு

எனக்கு ஒரு சடங்கு இன்னும் பாக்கி இருக்கிறது. வயதுக்கு வந்தபோது நடந்திருக்க வேண்டிய மஞ்சள் நீராட்டு. அம்மா நடக்கவிடவில்லை.

எனக்கோ அதில் கொள்ளை ஆசை. முந்தின கோடையில்தான் பக்கத்து வீட்டு அத்தை மகளுக்கு, தொம்மலூரில் எங்கள் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டுச் செய்தார்கள். பட்டுப்புடவை, பூ ஜடை, மகாராணி நாற்காலி. தெருமுனை பேனரில் மாமன்மார் சுற்றிலும் சிரிக்க, நடுவில் அவள். இதற்காகவே சீக்கிரம் பெரியவளாகலாம் போலிருந்தது.

என் முறை ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. பக்கத்து வீட்டு அத்தை மஞ்சளும் வேப்பிலையுமாக ஓடிவந்து, என்னை மூலையில் உட்காரவைத்து, தனித்தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தார். பச்சை ஓலைக் குடிசை கட்ட வரச்சொல்லி, தங்கவயலில் இருந்த மாமாவுக்கு அப்பா போன் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அம்மா வந்து, "எழுந்திரு, யூனிஃபார்ம் போடு" என்றாள்.

"என்னா அண்ணி, வெளையாடுறீங்களா? தலைக்குத் தண்ணி ஊத்தாம பொண்ண வெளிய அனுப்புவாங்களா?" என்று அத்தை பதறினார்.

"ஸ்கூல் இருக்குது. போவட்டும்."

அப்பா வாசலை மறித்து நின்றார். "ஊரு என்னா பேசும்?"

"ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க கொஞ்சம் நவுருங்க."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அப்பா நகர்ந்தார். அதற்கு முன் அம்மா சொல்லி அவர் எதற்கும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பஸ் முழுக்க நான் அழுதேன். "பட்டுப்புடவ வேணும்னா வாங்கித் தரேன். உக்கார்றது மட்டும் கெடையாது" என்றாள் அம்மா. வேலைக்குப் போகும் பொம்மசந்திரா கார்மெண்ட்ஸ் வேனை அன்று அவள் விட்டுவிட்டாள். இடைவேளையில் ஜன்னல் வழியே பார்த்தால், பள்ளி கேட்டுக்கு வெளியே வெயிலில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு ஓடிவிடாமல் காவல் காக்கிறாள் என்று நினைத்தேன். அவளைப் போல ஒரு கல்நெஞ்சக்காரி உலகத்தில் இல்லை என்றும் நினைத்தேன்.

அம்மாவுக்குத் தங்கவயலில் சடங்கு ஜோராக நடந்ததாம். பல வருஷம் கழித்து மாமாதான் சொன்னார். அந்த விருந்தைப் பற்றி அங்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். பந்தலைப் பிரித்த மறுநாள் காலையில் அம்மா யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, யாரும் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.