மேல்வீட்டு அக்காவின் திறப்பு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பகுதி அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். எங்களுக்கு மேல்வீட்டில் பெந்தெகொஸ்தே அக்கா ஒருவர் தனியாக இருந்தார். மெலிந்த உருவம், கோடையிலும் கம்பளித் தொப்பி. வெளியே புறப்பட்டால் அடுப்பு அணைந்துவிட்டதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். கர்த்தர் எந்த நிமிடமும் வரலாம், நம்பினவர்களை உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மிஞ்சி நிற்பவர்கள் மேல் அவருடைய கோபம் இறங்கும் என்பார்.

ஒருநாள் தன் வீட்டுப் பூட்டின் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால், நீர் வந்து அடுப்பை நூத்துவிடும்."

நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். சுருக்கென்றது.

"அப்ப, கடவுளின்ரை கோபத்துக்கு நான் மட்டும் இஞ்சை நிக்க வேணும். அப்பிடித்தானே அக்கா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து நிலவறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஐந்து மூட்டை அரிசி, பருப்பு, மெழுகுதிரிகள்.

"நீரும் வரவேணுமெண்டுதான் தினமும் ஜெபிக்கிறன். ஒருவேளை நிண்டிட்டால், பசி கிடக்கக் கூடாது. இதெல்லாம் உமக்குத்தான்."

அவர் வேறிடம் போய் வருடங்களாகின்றன. அந்தப் பூட்டையும் மாற்றியிருப்பார்கள். திறப்பு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் சொன்ன கோபத்தை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் உலகம் முடிந்த பிறகும் நான் சாப்பிட்டேனா என்று கவலைப்பட, அவருக்கு முன்னும் பின்னும் எனக்கு ஆள் வாய்க்கவில்லை.