ராகிக்குத் தோண்ட ஒரு தொட்டி

என் வீட்டுக்காரர் ஜெயராமன் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை 'ரிஜெக்ட்'. ஆனேக்கல் பக்கம் ஊசி மருந்து செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அவர் பார்த்தது ஒரே வேலைதான். மருந்து நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுப்பார். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புப் பலகைக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார், அப்புறம் வெள்ளைப் பலகைக்கு முன்னால். உள்ளே தூசியோ நாரோ மிதந்தால் அந்தக் குப்பி ரிஜெக்ட். "யாரோ பெத்த புள்ளைக்குப் போற ஊசி சந்திரா" என்பார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மனுஷர் குப்பியோடு நின்றிருக்கலாம். வீட்டுக்கு வந்தும் எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்ததுதான் வினை.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீடு மாடியில் இரண்டு அறை. ஒன்றில் என் தையல் மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இந்த இரண்டு அறைக்குள் இவர் கண்டுபிடித்த ஆபத்துகளை எழுத உட்கார்ந்தால் நூல்கண்டு தீர்ந்துவிடும், ஆபத்து தீராது. கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பமாட்டார், எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பார். மின்விசிறிக்கு நேர் கீழே யாரும் படுக்கக் கூடாது.

அதிகம் பட்டவள் எங்கள் மகள் மகாதான். தெருப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, அல்சூர் ரோட்டில் லாரி வருகிறது என்று சைக்கிள் ரிஜெக்ட். பள்ளிக்கூடச் சுற்றுலா ரிஜெக்ட், பஸ் பிரேக்கை யார் பார்த்தார்கள் என்று. முதலில் அழுதாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் அழுததைவிட, கேட்காமல் போனதுதான் எனக்கு வலித்தது. படித்து முடித்து வேலை கிடைத்ததும் புனே என்றாள். பெங்களூரில் இல்லாத வேலையா என்று இவர் கேட்டதற்கு, "இருக்கு நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு கூடையும் கொண்டு வந்தாள். உள்ளே முயல். ராகி மாவு நிறம், அதனால் பெயரும் ராகி. புனேயில் அவள் மாறிய புது வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாதாம். "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்க. எனக்கு வேற யாரையும் கேக்கத் தோணல" என்றாள். கேட்பதை நிறுத்தியிருந்த பெண் அத்தனை வருஷம் கழித்து அவரிடம் கேட்டது அதுதான். ஊருக்குக் கிளம்பும்போது பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி வைத்து, "இதுல அது தோண்டறதுக்கு ஏதாவது போட்டு வைங்க நைனா. இல்லன்னா வீட்டைத் தோண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏதாவது. அந்த வார்த்தையை இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே நர்சரிக்குப் போய்த் தொட்டி மண் வாங்கி வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. ஒரு கை மண்ணைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். என் கறுப்பு ஜாக்கெட் துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. "இன்னா இது பொரி மாதிரி? உரம் வேற கலந்திருக்கான்" என்றார். ரிஜெக்ட். தேங்காய் நார்த்தூள் கொண்டு வந்தார். செல்போனில் படித்துவிட்டு, தின்றால் வயிற்றில் ஊதிக்கொள்ளும் என்று அதையும் தள்ளினார். தச்சுப் பட்டறைத் தூளை மோந்து பார்த்து, பிசின் வாசனை மூச்சுக்கு ஆகாது என்றார். பூனை மூத்திரம் போகத் தட்டில் கொட்டுகிற குருணை குடலில் கட்டிக்கொள்ளுமாம். கட்டடத்து மணல் கல் உடைத்த தூள். பார்க்கு மண்ணில் நாய் போயிருக்கும். ஜன்னல் விளிம்பில் கலங்கல் டம்ளர்கள் வரிசையாக நின்றன. எனக்குக் காப்பி குடிக்க டம்ளர் இல்லை.

பார்த்துப் பார்த்து நானும் ஒரு யோசனை சொன்னேன். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை மாடியில் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த மண்ணைத் தனியாக வைத்திருந்தேன். அதைவிடச் சுத்தமான மண் ஏது?

"அதுல அது மூத்திரம் போவும் சந்திரா" என்றார்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த யோசனை அதோடு சரி.

மிச்சம் இருந்தது காகிதமும் காய்ந்த புல்லும். மகா விட்டுப் போன புல் ஒரு மூட்டை இருந்தது. பரணில் அவளுடைய பழைய நோட்டுகள் இருந்தன. இரண்டிலும் விஷம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் புல் அது சாப்பிடுகிற சாப்பாடு, சாப்பாட்டைக் கொட்டிக் காலால் மிதிக்க விடுவதா? காகிதமோ சரஸ்வதி. தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். "மகா படிச்ச நோட்டுமேல முயலை ஆடவிடச் சொல்றியா?" என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை. கடைசியில் தொட்டியை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, காலியாகவே மூலையில் வைத்தார்.

ராகி அதில் ஏறி நின்று வழவழப்பான அடியைப் பரபரவென்று சுரண்டும். நகம் பிளாஸ்டிக்கில் கிறீச்சிடும். கொஞ்ச நேரம் சுரண்டிவிட்டு எங்களைப் பார்க்கும். "சரியானது கெடைக்கட்டும் கண்ணு, அவசரப்படாத" என்று இவர் சமாதானம் சொல்வார். மகா போன் செய்தால் "சாப்டியா" என்பதற்கு மேல் பேசாதவர், முயலிடம் ஊர்க்கதையெல்லாம் பேசினார். யாராவது பார்த்தால் மட்டும், "மகாவோடது" என்று எழுந்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தமல்லியைப் பிரித்ததும் ஓடி வரவேண்டிய ராகி வரவில்லை. மெஷினுக்கு அடியில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. இவர் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தொட்டேன். சில்லென்றிருந்தது. கிட்டே குனிந்தால் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். தரை முழுக்கத் தேடியும் ஒரு புழுக்கை இல்லை. எந்நேரமும் இறைத்து என்னைப் பெருக்க வைத்த முயல் அது.

பக்கத்துத் தெரு நாய் டாக்டர் முயல் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் க்ளென் என்று ஒரு டாக்டர் பார்ப்பார் என்று அவரே நம்பர் கொடுத்தார். ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "நிதான, நிதான" என்று டிரைவரைக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே வந்தார். எனக்கு வேறு பயம். என் தையல் நூலை எதையாவது தின்றிருக்குமோ? வெளியே சொல்லவில்லை.

டாக்டர் க்ளென் சின்ன வயது. சர்ச்சிலிருந்து நேரே வந்து கிளினிக்கைத் திறந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"குடல் வேலை செய்யாம நின்னுருக்கு அங்கிள். காத்து கட்டியிருக்கு. உள்ள ஏதோ ஒண்ணு உருண்டையா இருக்கு. முழுசா அடைக்கல. வலிக்கு ஊசி போட்டு டிரிப்ஸ் ஏத்தறேன். சாயங்காலத்துக்குள்ள புழுக்கை போட்டா நல்லது. இல்லன்னா ஆபரேஷன்தான். முயல் அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

இவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எதைத் தின்னுச்சுன்னு ஐடியா இருக்கா?"

"அது வாயில போறது ஒவ்வொண்ணையும் பாத்துதான் விடறேன் டாக்டர். இலையெல்லாம் மூணு தண்ணில அலசறேன்."

"தோண்டறதுக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல. எல்லாம் பாத்தேன், எதுவும் சேஃப் இல்ல. தொட்டிய சுத்தமா கழுவிக் காலியா வெச்சிருக்கேன்" என்றார். கம்பெனியில் மேலதிகாரிக்குக் கணக்கு ஒப்பிக்கிற குரல் அது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "காலியாவா? தோண்டாம அதால இருக்க முடியாது அங்கிள். தொட்டில ஒண்ணும் இல்லன்னா வேற எதையாவது தோண்டும். தோண்டறதைக் கடிக்கும், கடிக்கறதை முழுங்கும். வீட்டுல போய்ப் பாருங்க."

"அப்ப எதுதான் போடறது டாக்டர்?"

"உரம் போடாத சாதா மண்ணு போதும். அதுவும் வேணாம்னா காய்ஞ்ச புல்லு, அச்சடிக்காத பேப்பர். கொஞ்சம் தின்னாலும் ஒண்ணும் ஆகாது."

புல், பேப்பர். இவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராகியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த பச்சைக் கூழை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் துளித்துளியாக விட்டார். அது பாதியைத் துப்பியது. சொல்லிக்கொடுத்தபடி வயிற்றை மெதுவாக நீவிவிட்டார். நான் மெஷினைச் சுற்றித் தரையில் தவழ்ந்து, நூல் விழுந்து கிடக்கிறதா என்று தேடினேன். என் நூல் பெட்டி மூடியபடியே இருந்தது. ஆனாலும் மனசு அடங்கவில்லை.

மத்தியானம் மகாவின் போன் அடித்தது. ஞாயிறன்று அவள் பேசுகிற நேரம். திரையில் அவள் முகம். எடுக்கச் சொல்லி இவருக்குக் கண் காட்டினேன். அவர் எனக்குக் காட்டினார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "இன்னா சொல்றது சந்திரா? ஒரே ஒண்ணு கேட்டா. அதையும் நான்..." என்றார். பொங்கிய சோறு அப்படியே அடுப்பில் இருந்தது.

வெயில் சுவரில் ஏறி மங்கத் தொடங்கியது. டாக்டரிடமே திரும்பப் போய்விடலாமா என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "சந்திரா" என்றார். ஓடினேன். அவர் மடித்துணியில் சின்னதாக, கோணலாக ஒரு புழுக்கை. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன், வெட்கமில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இவர் அதை இரண்டு விரலால் எடுத்தார். ஜன்னலுக்குப் போய், இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்த கறுப்புத் துணிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். உள்ளேயிருந்து ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தது. நீல நிறம்.

என்னிடம் நீல நூல் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் அறை வாசலைப் பார்த்தோம். அங்கே கிடந்தது நீல நைலான் மிதியடி. வாசலை ஒட்டிய மெஷினுக்கு அடியில் ஒதுங்கியிருந்த அதன் ஓரத்தைத் தூக்கினேன். பிறை மாதிரி ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அடியில் கந்தல் கந்தலாகப் பிராண்டிய நார். தினமும் நாங்கள் இருவரும் கால் துடைத்துக்கொண்டு போன இடம். இவர் டம்ளர் டம்ளராகத் தூக்கிப் பார்த்தவற்றில் அது மட்டும் இல்லை.

அவர் வெகு நேரம் அந்த ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார். மிதியடியைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, டாக்டருக்குச் சொன்னார். அப்புறம் அவராகவே மகாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. மண், மணல், மிதியடி, புழுக்கை எல்லாம் சொன்னார். "தொட்டியக் காலியா வெச்சுட்டேன்மா. அதான் பத்திரம்னு நெனச்சேன்" என்றார்.

"இப்ப சாப்புடுதா நைனா?"

"ஒரு காம்பு கடிச்சிது."

"சரி." கொஞ்சம் நின்றாள். "நைனா, நானும் ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். வாங்கி ஒரு வருஷம் ஆவுது. ஆபீசுக்கு அதுலதான் போறேன்."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குத் தெரியும், அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மழைல ரோடு வழுக்கும்மா. மெதுவா ஓட்டு" என்றார்.

"ம்" என்றாள் மகா. அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டு வந்ததும் பரணில் ஏறி, மகாவின் பழைய ரெக்கார்டு நோட்டுகளை இறக்கினார். படம் வரைய விட்ட, கோடு போடாத வெள்ளைப் பக்கங்கள் அதில் நிறைய இருந்தன. பின்னை நெம்பி எடுத்தார். ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அப்புறம் கிழித்துத் தொட்டிக்குள் போட்டார். ஒற்றுவதும் கிழிப்பதுமாகத் தொட்டி பாதி நிறைந்தது. மேலே மூட்டையிலிருந்து புல்லை அள்ளிப் போட்டேன், நானும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான்.

ராகி மெல்ல வந்தது. தொட்டிக்குள் ஏறியது, மோந்தது, நின்றது. திடீரென்று முன்னங்கால் இரண்டாலும் பரபரவென்று தோண்ட ஆரம்பித்தது. காகிதமும் புல்லும் அறையெங்கும் பறந்தன. ஒரு துண்டை வாயில் வைத்து மென்றது. இவர் எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார். கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டார்.

பறந்த துண்டு ஒன்று அவர் காலடியில் விழுந்தது. எடுத்தார். பழக்கத்தில் கை தானாக ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்ந்தது. அப்படியே ஒரு நொடி நின்றது. அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பார்க்காமலே அதைத் தொட்டிக்குள் போட்டார்.