பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிரசவ வார்டு

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெருநகரம், இந்தப் பக்கம் நாங்கள். எங்களுக்கு வேலை அங்கே, தூக்கம் இங்கே. சட்டை எடுக்கவும் அங்கே, பல் பிடுங்கவும் அங்கே. பாலம் வருவதற்கு முன் எல்லாமே இங்கேயே இருந்தது. ஜவுளி மில் இருந்தது. மில்காரர்கள் தாங்களே கல் சுமந்து கட்டிய ஆஸ்பத்திரி இருந்தது. மில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி மட்டும் தாக்குப்பிடிக்கிறது, அதில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் நான்.

பிரசவத்துக்கும் இங்கே யாரும் வருவதில்லை. பாலத்தில் வண்டிகள் நின்றால் நின்றதுதான். அதற்குப் பயந்து நாள் நெருங்குமுன்பே அந்தக் கரையில் அறை எடுத்துத் தங்கிவிடுவார்கள். பெத்துக்கொள்ளப் போகிறார்களா, உல்லாசப் பயணம் போகிறார்களா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

யாரும் வராத வார்டை நர்ஸக்கா கல்யாண வீடு மாதிரி வைத்திருப்பார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. வருஷக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் வார்டை மூடிவிடுவோம் என்று நகராட்சி சொல்லியிருந்தது. அதைவிட அவரைக் குத்தியது சொந்த மகள். வாயும் வயிறுமாக இருந்த அவள் பிரசவத்துக்கு அந்தக் கரை ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டாள்.

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சுட்டுப் போகட்டும். ஆபரேஷன் பண்ண வசதியில்லாத இடத்துல நான் ஏம்மா படுக்கணும்?"

டாக்டரே அந்தக் கரையிலிருந்து வந்து போகிறவர் என்னும்போது நர்ஸக்கா என்ன பேசுவார், பாவம்.

குறித்த நாளுக்கு முன்பே மகளுக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரோடு ஓடினேன். வலியில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகல. நீயே பாரும்மா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவர் ஏங்கிக் கிடந்தார்! முகம் அப்படியே மலர்ந்தது. துடிப்புக் கேட்கும் குழலை மகளின் வயிற்றில் வைத்துக் கேட்டார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மலர்ந்த முகம் செத்துப்போனது.

"தம்பி, வண்டிய எடு. குழந்தைக்குத் துடிப்பு குறையுது."

"அம்மா, வேணாம்மா!"

"வாய மூடுடி."

பாலத்தில் லாரிகள் வழியை அடைத்து நின்றன. அதிர்ந்து பேசாத நர்ஸக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கள் அரண்டு ஒதுங்கினார்கள். அங்கே போனதும் மகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். இத்தனை வருஷம் கதவுக்கு உள்ளேயே நின்ற பெண்மணி என்னோடு வெளியே நின்றார். குழந்தையின் அழுகை கேட்டதும் என் தோளில் சாய்ந்து தானும் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காய்கறிக்காரம்மா சும்மா இருப்பாரா? கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டார்.

"என்ன நர்ஸம்மா, உங்க ஆஸ்பத்திரிய நீங்களே நம்பல போலருக்கே?"

வார்டின் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நர்ஸக்கா தக்காளியைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆமா, நம்மால முடியாதுன்னு தெரிஞ்சதும் கிளம்பிட்டேன். உங்க மருமகளா இருந்தாலும் அப்படித்தான் தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

காய்கறிக்காரம்மாவின் கை தராசிலேயே நின்றது. அவர் மருமகளுக்கு அது நிறைமாசம்.

"நாளைக்கு அவள உங்க வார்டுக்கே கூட்டிட்டு வரவா?" என்றார்.