ஸ்டெல்லாவும் எங்க கொலுப் படையும்

ஸ்டெல்லா போயிட்டா.

காலையில அவ மருமக போன் பண்ணுச்சு. ராத்திரி தோசை சாப்ட்டு, மாத்திரை போட்டுக்கினு படுத்தவ... தூக்கத்துலயே. ஆஸ்பத்திரி, டியூபு, ஐசியூ எதுவும் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்கப்பா, அழுகைக்கு முன்னாடி எனக்கு வந்தது நிம்மதிதான். அவ அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பயந்துக்கினு இருந்தா.

தெரியாதவங்களுக்கு... அறுபதுகள்ல நாங்க ரெண்டு பேரும் காஞ்சிபுரத்துல டெலிபோன் ஆபரேட்டருங்க. கால் வராத நேரத்துல என்ன பேசுவோம் தெரியுமா? புடவையா? சினிமாவா? யுத்தம்!

கொலுவுல வைக்க விரல் உசர மண் சிப்பாய்ங்க. பொம்மைக்காரத் தெருவுல கலர் அடிக்காம வாங்கிக்கினு வந்து நாங்களே அடிப்போம். ஒரு கொலு முடிஞ்ச மறுநாளே அடுத்த வருஷத்து பிளான் ஆரம்பம். பல்லவர் படை யாருக்கு, சாளுக்கியர் யாருக்கு, யானை எத்தினி... தாயக்கட்டை உருட்டித்தான் சண்டை.

"குதிரைக்கு நீ கலர் அடி, மூஞ்சி எல்லாம் நான் வரையறேன். உனக்கு மீசை வராதுடி"ன்னுவா. வராதுதான். என் சிப்பாய்ங்க எல்லாம் ஜலதோஷம் புடிச்சவனுங்க மாதிரியே இருப்பானுங்க.

அறுபத்தஞ்சாம் வருஷம். பாகிஸ்தானோட சண்டை அப்பத்தான் நின்னிருந்துச்சு. என் அண்ணன் மணி பார்டர்ல. அவன்கிட்டேர்ந்து ஒரு தகவலும் இல்ல. தெருவுல சைக்கிள் பெல் கேட்டா, தந்திக்காரனோன்னு அம்மா சமையல்கட்டுக்குள்ள போயிடும்.

கொலு வேணாம்மான்னு சொன்னேன். "வைக்கணும்"னுச்சு.

மூணாம் நாள் எங்க முதல் யுத்தத்துக்கு ஸ்டெல்லா வந்தா. கட்டை உருட்டினோம். என் ஆளுங்க தோத்தானுங்க. அவ சர்ச்சுக்குப் போற பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்... செத்தவன் படுக்கத்தானே செய்வான்னு சிப்பாய்ங்கள வரிசையா படுக்க வெச்சுட்டா.

கொலு முடியற அன்னிக்கு ராத்திரிதான் பொம்மையப் படுக்க வைக்கறது. அதுக்கு முன்னாடி கூடவே கூடாது.

சுண்டலோட வந்த அம்மா அதப் பாத்துச்சு. தட்டு கீழ விழுந்துச்சு. "என் புள்ளையப் படுக்க வெச்சுட்டாளே! எழுந்து போடி! இனிமே இந்த வாசப்படி ஏறாத!"

ஸ்டெல்லா எழுந்து, செருப்பக்கூடப் போடாம போனா. ஆபீஸ்லயும் என் மூஞ்சியப் பாக்கல. அம்மா சிப்பாய்ங்கள நிமித்தி வெச்சுட்டு, சாப்பிடாம அங்கயே உக்காந்துக்கினு இருந்துச்சு. எனக்கு யார் மேல கோவப்படறதுன்னே தெரியல.

ஆயுத பூஜை அன்னிக்கு தெருவுல ஒரே கத்தல். எட்டிப் பாத்தா ஸ்டெல்லா! டியூட்டிய பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கா. வாசப்படி ஏறாதன்னு சொன்னாங்க இல்ல... நடுத்தெருவுலயே நின்னுக்கினு கத்தறா.

"அம்மா! மணி அண்ணன் பேசினாரும்மா! ஜலந்தர்லேர்ந்து ட்ரங்க் கால்! நான்தாம்மா எடுத்தேன்! கால்ல அடியாம், வேற ஒண்ணும் இல்லியாம்! தீபாவளிக்கு வராராம்!"

தெருவே வெளிய வந்துடுச்சு. அம்மா ஓடிப் போய் அவ கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்து கொலு முன்னால உக்கார வெச்சுச்சு. "என் வயித்துல பால வார்த்தியேடி..." ரெண்டும் அழுவுதுங்க. நானும். அடேயப்பா, அப்படி ஒரு சந்தோஷமா நான் அழுததே இல்ல.

அப்புறம் அம்மா மூக்கச் சிந்திக்கினு சொல்லுச்சு, "விளையாடுங்க, வேணாங்கல. செத்தவன மட்டும் படுக்க வைக்காதீங்கடி. முதுகத் திருப்பி வைங்க, போதும்."

அதுலேர்ந்து எங்க யுத்தத்துல செத்தவன் எல்லாம் செவுத்தப் பாத்துக்கினு நிப்பான். அதான் ரூல்.

போன வாரம்கூட செவிலிமேட்டுலேர்ந்து போன் பண்ணினா. "அடுத்த வருஷக் கொலுவுல பாலாத்தங்கரையில போர்டி. யானை எல்லாம் என்னுது. கண்ணு தெரியலன்னு சாக்கு சொன்ன, கொன்னுடுவேன்." பெரிய ராணி இவ!

விஷயம் சொன்னதும் அண்ணனும் கிளம்பிடுச்சு. இப்ப வெள்ளை வேட்டி கட்டிக்கினு, தடிய ஊணிக்கினு வாசல்ல நிக்குது. "ஆட்டோ வந்துடுச்சு, எழுதினது போதும் வாம்மா"ன்னு கூப்பிட்டுக்கினே இருக்குது.

வரேன் ஸ்டெல்லா. மணி அண்ணனையும் கூட்டிக்கினு வரேன்டி.