பன்னீரில் நனைந்த பரிசோதனை

பன்னீர் வாசனை எனக்கு இப்போது குமட்டுகிறது. திருமண வீட்டு வாசலில் யாராவது பன்னீர்ச் செம்போடு நின்றால் பக்கவாசலைத் தேடுகிறேன். சென்ற சோழகக் காற்றுக் காலத்தில் அச்சுவேலிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்த கூட்டமே இதற்குக் காரணம்.

கூட்டத்தின் பேச்சாளர் என் தங்கையின் மகள். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் மூலக்கூறுகளை மெதுவாக்கும் வேலை செய்கிறாள். சில மூலக்கூறுகளின் ஒரு முனையில் சற்றே நேர் மின்னேற்றமும் மறுமுனையில் சற்றே மறை மின்னேற்றமும் இருக்கும். அந்த வேறுபாடு இருப்பதால் மின்புலத்துக்கு அவற்றின்மேல் ஒரு பிடி கிடைக்கிறது. குளிரூட்டப்பட்டு, வெற்றிடக் குழாயினுள் பாய்ந்து வரும் அவற்றின் முன்னால் மின்புலத்தை ஒரு மேடுபோல எழுப்புவார்கள். ஏறும் மூலக்கூறு வேகம் இழக்கும். உச்சியை அணுகும் கணத்தில் புலத்தை நிறுத்திவிட்டால், இறங்கி வேகத்தை மீட்டுக்கொள்ளச் சரிவு இராது. உடனே அடுத்த மேடு எழும். இப்படியே ஏற்றி ஏற்றி அவற்றை ஏறத்தாழ நிற்கவைத்துவிடலாம். நின்றால்தான் உற்றுப் பார்க்க முடியும் என்பாள். இவ்வளவையும் பிழையற்ற தமிழில் அமைப்பதற்காகப் பல மாலைகள் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய தகப்பன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவர். "உவள் காத்தைக் குளிராக்கத்தான் கப்பலேறினவளோ" என்று ஊரார் சிரித்தது அவர் காதிலும் விழுந்திருந்தது. தன் வேலையின் ஒரு துளியையாவது அப்பாவின் கண்முன் காட்டிவிட வேண்டும் என்பதற்காகவே அவள் அந்தக் கூட்டத்தில் பேச வந்த அழைப்பை ஏற்றாள். ஆய்வுகூடத்தைக் கொண்டுவர முடியாது. ஆகவே ஓர் எளிய ஏற்பாடு செய்தாள். அடியில் குழாய் பொருத்திய வாளியிலிருந்து நூல்போல் நீர் ஒழுகும். கம்பளித் துணியால் தேய்த்து மின்னேற்றிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றை அருகே கொண்டுபோனால், தொடாமலே நீர் அதன் பக்கம் வளையும். "இது நாங்கள் செய்யிறதுக்குத் தூரத்துச் சொந்தம்தான் மாமா, அதையும் சொல்லிப்போடோணும்" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நீர் அழகாக வளைந்தது. தகப்பன் மட்டும் பார்க்க வரவில்லை. "மண்டபத்திலை எல்லாரோடையும் இருந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் என்று ஒவ்வொருவராக ஒலிவாங்கியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் அவளுடைய துறையை மருத்துவம் என்றார். தலைவரோ மூலக்கூறு பற்றி முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று முழங்கினார்; எங்கே அறிந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவே இல்லாத அந்த வாக்கியங்களின் நடுவே, முடை நாற்றத்தில் மாட்டிக்கொண்டவனைப்போல இருந்தேன். மாலைகள் வந்தன. பொன்னாடைகளுக்குப் பின் பொன்னாடைகள் வந்தன. போர்த்தியவர்கள் எல்லோரும் படம்பிடிப்பவனை நோக்கியே சிரித்தார்கள்.

அவள் பேச எழுந்த வேளையில் மண்டபச் செயலாளர் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்புமாகப் பரிசோதனைப் பொருள்கள் இருந்த மேசையடிக்கு வந்தார்.

"ஐயா, அதை நனைக்காதேங்கோ" என்றாள்.

"சும்மா இருங்கோ தங்கச்சி. எங்கடை மண்டபத்திலை முதன்முதல் நடக்கிற பரிசோதனை. மங்களமாய்த் தொடங்க வேண்டாமே?"

குழாய்த் துண்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, கம்பளித் துணி ஊறும்வரை பன்னீரைத் தெளித்துவிட்டுத்தான் அவர் அகன்றார். சபை கைதட்டியது.

ஈரமான பொருளில் மின்னேற்றம் தங்காது. கையில் கிடைத்ததைக் கொண்டு துடைத்தாள். கையில் கிடைத்தது பொன்னாடை.

"பாருங்கோவன், பொன்னாடையாலை துடைக்கிறா" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"வெளிநாட்டிலை உதுதான் மரியாதை போலை" என்றது அதன் பக்கத்துக் குரல்.

அதே ஆடையால் தேய்த்தும் பார்த்தாள். அதன் சரிகை வழியே ஏற்றம் கசிந்துபோயிருக்க வேண்டும். நீர் நேராகவே விழுந்துகொண்டிருந்தது. தகப்பன் கதிரையின் விளிம்புக்கு வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தண்ணியும் எங்கடை ஆக்களைப்போலை, வளைஞ்சு குடுக்காது" என்றார் தலைவர். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நேரம் போய்விட்டதென்று சொல்லி, மின்புல மேடுகளைப் பற்றி அவள் பேசத் தொடங்கிய இடத்திலேயே உரையை முடிக்கச் செய்தார்கள். பிறகு வடையும் கோப்பியும் கொடுத்தார்கள். எண்ணெய் வழிந்த விரல்களோடு செயலாளர் என் கையைக் குலுக்கி, "விழா சிறப்பு, என்ன?" என்றார். கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மறுநாட் காலை, தோட்டக் கிணற்றடியில் அவள் குழாய்த் துண்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிய கம்பளித் துணியும் எடுத்துவந்தாள்.

"அப்பா, இஞ்சை ஒருக்கா வாங்கோ. இப்ப வளையும்."

அவர் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"வேண்டாம் பிள்ளை. நாலு பேருக்கு முன்னாலை நடக்காதது வீட்டுக்கை நடந்தென்ன?"

"உங்களுக்குத்தானே அப்பா காட்ட வந்தனான்."

"நேற்றுப் பாத்தாச்சு."

வாய்க்காலில் ஓடிய தண்ணீரின் பின்னே மண்வெட்டியோடு அவர் வாழைகளுக்குள் போய்விட்டார். அவள் வாளியின் குழாயைத் திறந்து, துண்டைத் தேய்த்து, நீட்டினாள். நீர் வளைந்தது. நான் பார்த்தேன். அவள் நீரைப் பார்க்கவில்லை. வாழைகளின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றவள், சற்றுநேரத்தில் குழாயை மூடினாள்.