பாலகுரு நடக்காத சந்துகள்

பாலகுரு அண்ணனின் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புதுப்பித்துக் கொடுத்தவள் நான். அதிலிருந்த முத்திரைகளெல்லாம் துபாய், திருச்சி, மறுபடியும் துபாய், திருச்சி. அவர் சான்சிபாருக்குப் போனதே இல்லை என்பது எங்கள் ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் நாகஜோதி. துபாய் கராமாவில் ஒரு சின்ன டிராவல்ஸில் விசா மேஜையில் உட்காருகிறவள். எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் இந்த ஒரு பொய்யை ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டு காப்பாற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது.

அண்ணன் தேவகோட்டைக்காரர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கராமாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு போன் எடுக்கிற வேலைக்கு வந்தார். இந்த ஊரில் யாரும் வீட்டு நம்பர் சொல்லமாட்டார்கள். ‘பார்க்குக்குப் பின்னாடி மூணாவது பில்டிங், கீழே லாண்டரி, பக்கத்துல தையல்கடை’ என்றுதான் சொல்வார்கள். பார்சல் கொண்டுபோகும் பைக் பையன்கள் வழி தெரியாமல் நடுரோட்டில் நின்றுகொண்டு போன் போட்டால், அண்ணன் ஸ்டூலை விட்டு இறங்காமலே அவர்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவார். பாதிக் கட்டிடங்களை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கேட்டுக் கேட்டே கராமா முழுக்க அவருக்கு மனப்பாடம்.

அந்தத் திறமைதான் அவரை எங்கள் ஆபீஸுக்குக் கொண்டுவந்தது, மாட்டியும் விட்டது. இங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கு மூன்று நாள் டூர் நடத்துகிறோம். அங்கே காமிஸ் என்று ஒரு கைடு. பழைய நகரத்தின் சந்துகளில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் இங்கிலீஷில் சரித்திரம் சொல்வார். நம் ஆட்களில் வயதானவர்களுக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் சலித்துப்போய் எங்களுக்கு போட்டிம் ஆப்பில் கால் போட்டார். அண்ணன் எடுத்தார். காமிஸ் அனுப்பியிருந்த வீடியோக்களை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார். அதற்கப்புறம் ஒவ்வொரு டூருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. காமிஸ் முன்னால் நடப்பார், அண்ணன் ஸ்பீக்கரில் பேசுவார்.

“கதவுல பித்தளைக் கூம்பு தெரியுதாம்மா? யானை முட்டுனா குத்தணும்னு நம்ம நாட்டுல வெச்சதுன்னு சொல்லுவாக. இங்க ஏது யானை? கதவைக் கொண்டாந்தவன் பழக்கத்தையும் சேத்துக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்துட்டான்.”

அடிமைச் சந்தை இருந்த இடம் வந்தால் மட்டும் கதை சொல்லமாட்டார். “இங்க கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க” என்பார். கராமாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவரும் பேசாமல் நிற்பார். டிக்கெட் கேட்டு வந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று எப்போதோ யாரோ கேட்க, “எண்ணி முடியுமா?” என்று சொல்லிவிட்டார். முதலாளி சேதுபதி எங்கள் டிராவல்ஸை வாங்கியது அதற்கப்புறம்தான். அவர் அதை நம்பி நோட்டீஸே அடித்துவிட்டார்: ‘சந்து சந்தாக நடந்து அறிந்த பாலகுருவின் தமிழ் நடை.’ அதைப் பார்த்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை. “ஜோதி, தெரிஞ்சா இதைப் புடுங்கிருவாக. அப்புறம் நான் வெறும் போன் எடுக்குறவன்தான்” என்றார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

போன நவம்பரில் முத்துராமன், பானுமதி என்று ஒரு தம்பதி இந்த டூருக்குக் கிளம்பினார்கள். இங்கே கராமாவிலேயே இருப்பவர்கள். அந்த அம்மா தினசரி காலண்டரில் போட்டிருக்கும் ராகுகாலத்தைத் துபாய் உதயத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்ட பிறகுதான் படியிறங்குவார். டிக்கெட் எடுக்க வந்தபோதே என்னை அரைமணி நேரம் காக்க வைத்தவர்.

காமிஸுக்குக் காலில் அடி. தன் தங்கையை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். தங்கை அனுப்பிய மெசேஜ் இவ்வளவுதான்: ‘நாளை மணி 3, கோட்டை வாசல்.’ அண்ணன் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அங்கே மூன்று என்றால் இங்கே நான்கு, ஊரில் ஐந்தரை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் இங்கே நான்கேகாலுக்கு பானுமதி அம்மாவின் கால் வந்தது.

“தம்பி, இங்க யாரும் இல்லை. காப்பி விக்கிறவர் சொல்றார், ஒரு பொண்ணு மூணு மணிக்கே வந்து நின்னு பாத்துட்டுப் போயிடுத்தாம்.”

“இப்பத்தானம்மா அங்க மூணேகாலு?”

“அவர் இப்ப ஒம்பதேகாலுங்கறாரே.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு கடிகாரத்தில் நான்கேகால், இன்னொன்றில் ஐந்தே முக்கால். வெயில் அடிக்கிற நேரத்தில் ஒன்பது எங்கிருந்து வந்தது? காமிஸின் தங்கைக்கு அடித்தால் போன் அணைந்திருந்தது. விடையைக் கண்டுபிடித்தது அந்த அம்மாதான்.

“இவா சூரியன் உதிக்கறதுலேர்ந்து மணி எண்றா தம்பி. காலம்பற ஆறுலேர்ந்து எண்ணினா, நம்ம ஒம்பதுதான் இவாளுக்கு மூணு, மத்தியானம் மூணு ஒம்பது. ஜாதகத்துல உதயாதி நாழிகைன்னு எழுதறோமே, அந்த மாதிரி. அந்தப் பொண்ணு காலம்பறயே வந்து பாத்துட்டுப் போயிருக்கா.”

ஊர்க் கைடுகள் வெளியூர்க்காரர்களுக்கு நம் மணிக்கு மாற்றித்தான் சொல்வார்களாம். அந்தப் பெண்ணுக்கு இது முதல் வேலை, தன் வழக்கப்படி எழுதிவிட்டாள். இப்போது என்ன செய்வது? மறுநாள் விடிகாலை அவர்களுக்குத் திரும்பும் பிளைட். பார்த்தால் இன்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. முத்துராமன் சாரின் குரல் குறுக்கே வந்தது.

“கைடு எதுக்கு சார்? சந்து சந்தா நடந்தவராச்சே நீங்க. வழி சொல்லுங்க, நாங்க போயிக்கறோம்.”

வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அண்ணன் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். வழி கேட்டு யாராவது நின்றால் சொல்லாமல் இருக்க அந்த மனுஷனால் முடியாது.

“கோட்டைய விட்டு வெளிய வந்து, எடது கைப் பக்கம் ஒரு சந்து போகும்மா.”

“எடது பக்கம் கடல்தானே இருக்கு?”

“அப்ப… அடுத்தது. மஞ்சச் சொவரு இருக்கும், அதுல வலது பக்கம் திரும்புங்க.”

நடந்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் சுவர் வரவில்லை. பித்தளைக் கூம்புக் கதவு வரவேண்டிய இடத்தில் மீன் கூடை. திரும்பி வரச் சொன்னார். திரும்பி வந்த இடமும் வேறாக இருந்தது. அண்ணனின் சட்டை நனைந்துவிட்டது. ஸ்பீக்கர் சத்தம் கேட்டு சேதுபதி அறையிலிருந்து வந்து பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“தம்பி, யாராத்துக் கொல்லைக்கோ வந்துட்டோம். ஒரு அம்மா தேங்கா துருவிண்டிருக்கா. சிரிக்கறா எங்களைப் பாத்து.”

நான் காமிஸின் பழைய வீடியோவை ஓடவிட்டேன். காமிஸ் போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசிக்கொண்டே நடக்கிறார். கதவுகள் அவருக்குப் பின்னால் நகர்கின்றன. திரையில் வலது பக்கம் தெரிகிற கதவு, நடக்கிறவருக்கு இடது பக்கம். அதைச் சொன்னதும் அண்ணன் முகம் வெளுத்துப்போனது. ஐந்து வருஷமாக அவர் மனசுக்குள் ஊரையே பக்கம் மாற்றி வைத்திருக்கிறார். காமிஸ் முன்னால் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பானுமதி அம்மா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“தம்பி, நீங்க இந்த ஊருக்கு வந்ததே இல்லையா?”

ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று கெஞ்சத் தோன்றியது. பொய் பிடிக்காத நானா இது?

“இல்லம்மா” என்றார் பாலகுரு அண்ணன். “ஒரு தடவகூட வந்ததில்ல.”

“ஏமாத்து வேலை!” என்று முத்துராமன் சார் கத்தினார்.

“நீங்க சித்த சும்மா இருங்கோ” என்றார் அந்த அம்மா. “கதையெல்லாம் சரியாத்தானே சொன்னார்? பக்கம்தான் மாறிடுத்து. தம்பி, வீடியோ போடறேன். தேங்கா துருவற அம்மா வழி காட்டறேங்கறா. நீங்களும் எங்களோட வாங்கோ.”

திரையில் சந்து வந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தேங்காய் துருவிய பெண் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போக, போன் குலுங்கிக் குலுங்கிப் பின்னால் போனது. மஞ்சள் சுவர் வந்தது, கதவு வந்தது. பானுமதி அம்மா ஒவ்வொன்றாகக் காட்டி, “இதானே நீங்க சொன்னது?” என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஜோதி, கதவு சின்னதா இருக்கு” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அது சந்தோஷமா ஏமாற்றமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் அடிமைச் சந்தை இருந்த இடம் வந்தது. இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாதான் சொன்னார்: “இங்க கொஞ்ச நேரம் பேசாம நிப்போம் தம்பி.” நின்றோம். எனக்குப் பின்னால் சேதுபதியும் நின்றார்.

கால் முடிந்ததும் சேதுபதி நோட்டீஸ் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் போட்டார். “இதுல எழுதியிருக்கிறது பொய்யின்னு இன்னிக்கித்தான்யா தெரியும் எனக்கு. இனிமே தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் குடுக்கிறது? அடுத்த குரூப்போட நீ போற. காமிஸ் கூட நடந்து, எது எடது எது வலதுன்னு பாத்துட்டு வா. அதுவரைக்கும் இதை யாருக்கும் குடுக்காதீங்க.” திட்டினாரா, அனுப்பினாரா என்று அண்ணனுக்கு மறுநாள் வரைக்கும் விளங்கவில்லை.

விசா விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. பெயர், பிறந்த ஊர், தொழில் எல்லாம் கேட்டு நிரப்பினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியில் அவர் விரல் நின்றது. ‘இதற்கு முன் இந்த நாட்டுக்கு வந்ததுண்டா?’

“இதுக்கு என்னத்தப் போடுறது, ஜோதி?”

“உண்மையத்தான் போடணும்ண்ணே.”

“அதான் எதுன்னு கேக்குறேன்.”

பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஆயிரம் பேருக்கு டிக் அடித்துக் கொடுத்தவள் நான். ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு மேல் மவுஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.